பிறந்த வீட்டுக் கோடியும் என் சாக்ஸபோனும்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். எனக்குச் சொல் போகவில்லை, கூடித்தான் போயிருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். போனது சாக்ஸபோன். மேல்வரிசை முன்பல் ஆட ஆரம்பித்த பிறகு வாத்தியம் வாயில் நிற்க மாட்டேன் என்றது. பல்செட் கட்டிக்கொண்டு ஊதிப் பார்த்தேன். காரியாபட்டியில் ஒரு மாப்பிள்ளை அழைப்பில் பல்செட் கழன்று நடுரோட்டில் விழுந்தது. மாப்பிள்ளைத் தோழன் அதைப் பொறுக்கி, வேட்டியில் துடைத்து, இரண்டு கையாலும் மரியாதையாகக் கொடுத்தான். அன்றோடு தொழிலுக்குக் கும்பிடு போட்டுவிட்டேன்.

நம் பேண்டு செட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் போன மாதம் என்னைப் பார்க்க வந்தீர்கள். நான் எப்போதோ ஒரு துட்டி வீட்டில், அதாவது சாவு வீட்டில், வாசித்ததை யாரோ செல்போனில் பிடித்துப் போட்டிருப்பதைக் காட்டினீர்கள். அதன் அடியில் 'இது ப்ளூஸ்' என்று ஒருவர் எழுதியிருந்தாராம். ப்ளூஸ் என்றால் என்ன என்று கேட்டேன். இன்னொரு வீடியோவைப் போட்டுவிட்டீர்கள். கடல் தாண்டி எங்கோ ஒரு கறுப்பு மனுஷர், என் வயதிருக்கும், கிடாரை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வரி பாடுகிறார். நிறுத்துகிறார். கிடார் அதற்குப் பதில் சொல்கிறது. மறுபடியும் அதே வரி, மறுபடியும் பதில். அவருடைய முன்னோர்கள் பருத்திக்காட்டில் பாடுபட்டவர்கள் என்று சொன்னீர்கள். இவர் எப்போது நம் எம்.ரெட்டியபட்டிப் பருத்திக்காட்டுப் பக்கம் வந்துவிட்டுப் போனார் என்று நான் கேட்டதும் எல்லாரும் சிரித்தீர்கள். நான் பாதிதான் விளையாட்டுக்குக் கேட்டேன்.

அந்தச் சத்தம் எனக்கு எப்படி வந்தது என்று உங்களில் ஒருவர் கேட்டார். அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். எந்த விரலை எங்கே வைப்பது என்பதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது, என்னைவிடப் பொறுமையாகவும் சொல்லிக் கொடுக்கிறது. அதில் இல்லாததை மட்டும் சொல்கிறேன். அந்தச் சத்தத்தில் என்னுடையது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் அடுத்தவர்கள் கொடுத்தது, அவர்களில் பல பேருக்குக் கொடுத்தோம் என்பதே தெரியாது.

எங்களுடையது அருப்புக்கோட்டையில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்கிற வியாபாரக் குடும்பம். பள்ளிக்கூட பேண்டில் கிளாரினெட் ஊதப் பழகிய நான், கடையில் உட்காராமல் டவுனில் ஒரு பேண்டு செட்டில் சேர்ந்து சாக்ஸபோனைப் பிடித்துக்கொண்டேன். கடைக்காரர் மகன் துட்டி வீட்டில் ஊதுவதா என்று சொந்தபந்தமெல்லாம் கூடி வந்து அப்பாவிடம் பஞ்சாயத்து வைத்தார்கள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் எங்கள் பஜார் வழியாகவே ஒரு பாடை போனது. நான் முன்னால் ஊதிக்கொண்டு போனேன். பிணம் போகும்போது கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்குவது வழக்கம். அப்பா ஷட்டரை இறக்கிவிட்டு வெளியே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். அந்த மரியாதை செத்தவருக்குத்தான். இருந்தாலும் அதில் ஒரு துளி எனக்கும் உண்டு என்று நானே எடுத்துக்கொண்டேன். இல்லையென்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

அப்போது என் வாசிப்பு ரேடியோப் பெட்டி மாதிரி இருக்கும். சினிமாப் பாட்டை ஒரு நெளிவு குறையாமல் அப்படியே ஊதுவேன். கல்யாண வீட்டில் அது போதும், பொம்பளைகள் ஜன்னலில் வந்து எட்டிப் பார்ப்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது. துட்டி வீட்டிலும் அதே கதைதான். பாட்டு மட்டும் சோகப்பாட்டாக இருக்கும், நெஞ்சு நிமிர்ந்தேதான் நிற்கும்.

எம்.ரெட்டியபட்டியில் ஒரு துட்டி. செத்தவருடைய தங்கச்சி பருத்தி எடுக்கக் கூலிக்குப் போகிறவர். அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று ஒரு சோகப்பாட்டை முழு மூச்சில் ஏற்றினேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது, எனக்கு உற்சாகம் கூடியது. அந்தம்மா அழுகையை நிறுத்தினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து என் முன்னால் வந்து நின்றார். கோபமே இல்லை.

"ஏப்பா, நீ ஊதி முடிச்சுக்க. நான் பெறகு அழுதுக்கிறேன்" என்றார்.

வாத்தியம் தானாக வாயிலிருந்து இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் என்ன வாசித்தேன் என்று எனக்கு நினைவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கடைசி சீட்டில் பேஸ் ட்ரம் அடிக்கிற என் கூட்டாளி ட்ரம்மை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பேரைப் போட மாட்டேன், போட்டால் ராயல்டி கேட்பான். டவுன் நெருங்கும்போது சொன்னான்.

"ஏலே, அந்தம்மா அழுகையில மூச்சு வாங்குற எடம் ஒண்ணு இருக்குல்ல. அதுல ஊதுலே. அது மட்டுந்தான் ஒனக்கு விட்ட எடம்."

பிள்ளைகளே, நான் படித்த படிப்பு மொத்தம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதை வைத்துக்கொண்டு பிழைத்தது. ஒப்பாரி வைக்கிறவர் நமக்காகச் சுருதி பார்த்து ஆரம்பிக்க மாட்டார். துக்கம் எங்கே பிடித்ததோ அங்கேதான் ஆரம்பிப்பார். நாம்தான் தேடிப்போய்ச் சேர வேண்டும். ஒரு சுரத்தில் நேராகப் போய் உட்காரவும் மாட்டார். மேலேயிருந்து வழுக்கி, நடுவில் தயங்கி, கீழே வந்து சாய்வார். அதற்காக நான் உதட்டைத் தளர்த்திப் பழகினேன். சினிமாப் பாட்டு ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டது. அவர் ஒரு வரி அழுவார், மூச்சு வாங்குவார், அந்த இடத்தில் நான் ஒரு சின்ன இழுப்பு. அவ்வளவுதான் வாசிப்பு. எங்கள் செட்டின் லீடருக்கு இது பிடிக்கவில்லை. நாய் ஊளையிடுகிற மாதிரி இருக்கிறது, ஆர்டர் போய்விடும் என்று சத்தம் போட்டார். ஆனால் கொஞ்ச நாளில் துட்டிக்குச் சொல்ல வருகிறவர்களே அந்த அழுகிற சாக்ஸைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். லீடர் அதற்குப் பிறகு நாயைப் பற்றிப் பேசவில்லை.

கெட்டிக்காரத்தனம் வந்தால் கூடவே கிறுக்கும் வரும். மல்லாங்கிணற்றில் ஒரு கல்யாணம். சீர்வரிசைத் தட்டுகளோடு பொம்பளைகள் வரிசையாக வருகிறார்கள். என் உதடு பழக்கதோஷத்தில் துட்டி வீட்டு இழுப்பை இழுத்துவிட்டது. பெண்ணின் தாய்மாமா வரிசையை விட்டு நேரே என்னிடம் வந்தார். பெண்ணைக் கட்டிக் கொடுக்கப் போகிறோமா, அடக்கம் பண்ணப் போகிறோமா என்று கேட்டார். கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள், பெண்ணின் அம்மா சிரிக்கவில்லை. சகுனம் என்று அவர் முகம் வெளுத்துப் போனது. அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டால் தப்பு பெரிதாகிவிடும். நான் அதே இழுப்பை மறுபடியும் எடுத்தேன், ஆனால் கீழே சாய விடாமல் மேலே தூக்கிக் கொண்டுபோய்க் குலவை போடுகிற மாதிரி முடித்தேன். கூட்டாளி உடனே புரிந்துகொண்டு ட்ரம்மை விரட்டினான். பின்னால் வந்த பொம்பளைகள் சேர்ந்து குலவை போட்டார்கள். பெண்ணின் அம்மா மூச்சு விட்டார். அழுகைக்கும் குலவைக்கும் புறப்படுகிற இடம் ஒன்றுதான், போய்ச் சேருகிற இடம்தான் வேறு. அந்தத் தாய்மாமா அன்றைக்கு என்னைக் கேட்காமல் விட்டிருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது. அவருக்கும் நன்றி.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், காடுகரை நிறைய வைத்து விவசாயம் பார்க்கிற சம்சாரி வீடு. வீட்டுக்கார அம்மா தவறிவிட்டார். கணவர் இருக்கிறார், அவரைப் பெரியவர் என்று சொல்லிக்கொள்கிறேன். இரண்டு மகன்கள், ஒரு மகள். எங்கள் லீடர் வேறு ஊர் போயிருந்ததால் அன்றைக்குச் செட்டுக்கு நான்தான் பொறுப்பு.

துட்டி வீட்டுக்குச் சம்பந்தக்காரர்கள் கோடி கொண்டு வருவது உங்களுக்குத் தெரியும். புதுத்துணி, மாலை, மஞ்சள் எல்லாம் தட்டில் வைத்துத் தெருமுனையில் வந்து நிற்பார்கள். மேளம் போய் முன்னால் ஊதிக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். மேளம் போகாமல் அவர்கள் தாமாக உள்ளே வர மாட்டார்கள், வந்தால் அது அவமரியாதை. செத்தது கட்டுக்கழுத்தியாக, அதாவது புருஷன் இருக்கும்போதே போனவராக இருந்தால் பிறந்த வீட்டுக் கோடிதான் முதலில் விழ வேண்டும். அந்தச் சேலை விழாமல் பாடையில் ஏற்ற மனசு வராது.

அந்த அம்மாவின் அண்ணன் கோடியோடு தெருமுனையில் வந்து நின்றார். கூட அவர் வீட்டுப் பொம்பளைகள். நான் வாத்தியத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது பெரியவர் நாற்காலியில் இருந்தபடியே கையைக் காட்டி நிறுத்தினார். மேளம் போகக் கூடாது, வர வேண்டுமென்றால் அவர்களாக நடந்து வரட்டும் என்றார்.

விஷயம் பந்தலில் இருந்த எல்லாருக்கும் தெரிந்ததுதான், எனக்கும் ஒருவர் காதில் சொன்னார். மூத்த மகனுக்கு அண்ணன் மகளைக் கட்டுவதாகச் சின்ன வயதிலிருந்தே பேச்சு. மகன் வெளியில் கட்டிக்கொண்டான். அண்ணன் அந்தக் கல்யாணப் பந்தலுக்கே வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாராம். அதற்குப் பிறகு அவர் கொடுத்துவிட்ட பொங்கல் சீரைக்கூடப் பெரியவர் திருப்பி அனுப்பிவிட்டார். நடுவில் மாட்டிக்கொண்டது அந்த அம்மா.

தெருமுனையிலிருந்து பதில் வந்தது. மேளம் இல்லாமல் உள்ளே வந்தால் அது பிச்சைத் துணி, தங்கச்சியை அப்படி அனுப்ப மாட்டேன், பொழுது அடைகிறவரை நிற்பேன், பிறகு கோடியைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவேன் என்று அண்ணன் சொல்லிவிட்டார். பொழுது ஏற்கெனவே சாய்ந்துகொண்டிருந்தது. இருட்டுவதற்குள் தூக்க வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள்.

அப்போதுதான் மகள் எழுந்து பந்தல் ஓரம் நான் நின்ற இடத்துக்கு வந்தாள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவள். அவளால் அப்பாவிடம் பேச முடியவில்லை, தன் அண்ணன்மாரிடமும் முடியவில்லை. கடைசியில் கூலிக்கு ஊத வந்தவனிடம் வந்து நிற்கிறாள்.

"அண்ணே, அம்மா பெறந்த வீட்டுச் சேல இல்லாமப் போயிரக் கூடாதுண்ணே. சாகுறதுக்கு முன்னாடி என்கிட்ட அத மட்டுந்தான் கேட்டாக."

என்ன செய்வீர்கள்? எங்கள் சைடு ட்ரம்காரர் நியாயம் அண்ணன் பக்கம், நாம் போய் அழைத்து வந்துவிடுவோம் என்றார். போயிருந்தால் மகன்மார்கள் எங்களை மறித்திருப்பார்கள், அந்தப் பக்கத்து ஆட்கள் பாய்ந்திருப்பார்கள், பிணத்தை வைத்துக்கொண்டு மண்டை உடைந்திருக்கும். போகாமல் சும்மா நின்றிருந்தால் கோடி திரும்பிப் போயிருக்கும், அந்த அம்மாவின் ஒரே ஆசை தெருமுனையோடு முடிந்திருக்கும். இந்தத் தொழிலில் நியாயம் சொல்ல நமக்கு உரிமை கிடையாது. நாம் யார் வீட்டு ஆளும் இல்லை. இதை எப்போதும் நினைவில் வையுங்கள். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

"நான் போக முடியாது தாயி. நீ போயி அம்மா பக்கத்துல உக்காந்து சத்தமா அழு" என்றேன்.

அவள் போய் உட்கார்ந்தாள். தலையை விரித்துவிட்டு ஆரம்பித்தாள்.

"பெத்த வீட்டுச் சேல வந்து தெருமுனையில நிக்குதம்மா,
எட்டி வந்து கைநீட்டி ஏந்திக்கொள்ள எந்திரிம்மா..."

மூச்சு வாங்கினாள். அந்த இடத்தில் நான் ஊதினேன். நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. வாத்தியத்தின் வாயை மட்டும் தெருமுனைப் பக்கம் திருப்பினேன். கூப்பிடு தூரம்தான். அவள் அடுத்த வரி, நான் அடுத்த இழுப்பு. தெருமுனையில் நின்ற பொம்பளைகளுக்கு அது போதும். அண்ணன் மனைவி அங்கிருந்தே குரல் எடுத்தார்.

"மஞ்சளோட வந்து நிக்கோம், வாசப்படி தெரியலயே,
கொஞ்ச நாளா வராததால வழி எதுவோ புரியலயே..."

அவர் மூச்சு வாங்கியபோது வாத்தியத்தை வீட்டுப் பக்கம் திருப்பி ஊதினேன். இங்கே ஒரு வரி, அங்கே ஒரு வரி, நடுவில் நான். நான் போகாமலே கூப்பிடுகிறேன் என்று பெரியவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து என் முன்னால் வந்தார். பின்னால் இரண்டு மகன்கள்.

"யாரக் கேட்டு ஊதுற? நிப்பாட்டு."

நிறுத்தினேன். சொல்வதற்கு என்னிடம் நியாயம் இருந்தது. நீங்கள் போகக் கூடாதென்றீர்கள், நான் போகவில்லையே என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சண்டை அவருக்கும் எனக்கும் என்று திரும்பியிருக்கும், மற்றதெல்லாம் மறந்துபோயிருக்கும். நான் தலையைக் குனிந்து வாத்தியத்தை இறக்கிக்கொண்டேன். கூட்டாளியும் ட்ரம்மில் உள்ளங்கையை வைத்து அமுக்கிவிட்டான். கெட்டுப்போச்சு, அவ்வளவுதான் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் மேளம் நின்றால் அழுகை நிற்காது. மகள் அடுத்த வரியை அழுதாள், மூச்சு வாங்கினாள். அந்த இடம் காலியாக இருந்தது. தெருமுனையில் அண்ணன் மனைவி ஒரு வரி. அந்த இடமும் காலி. அதுவரை பதில் கேட்டுப் பழகிவிட்ட காதுகள் எல்லாம் காத்துக்கொண்டிருந்தன. பெரியவர் எனக்கு நேர் எதிரே நின்றார், அவருடைய காதும் காத்துக்கொண்டுதான் இருந்தது. மகள் மறுபடியும் முதல் வரிக்கு வந்தாள், பெத்த வீட்டுச் சேலை தெருமுனையில் நிற்கிறது என்று. மூச்சுக்கு நிறுத்தினாள். அந்த இடத்தில் ஒரு சத்தம் வந்தது. நான் இல்லை. பெரியவர் நெஞ்சிலிருந்து வந்தது, அழுது பழகாத ஆம்பிளையின் சத்தம். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தியபடியே சொன்னார்.

"போயி எம் மச்சானக் கூட்டிட்டு வாங்கப்பா."

போனோம். ட்ரம் மட்டும் அடித்துக்கொண்டு போனோம், எனக்கு உதடு கூடவில்லை. அண்ணன் எங்களைப் பார்த்ததும் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார். பந்தலுக்குள் வந்ததும் பெரியவர் இரண்டு கையையும் நீட்டினார். அண்ணன் தட்டை மனைவியிடம் கொடுத்துவிட்டு, துட்டி கேட்கிற முறைப்படி அந்தக் கைகளைத் தொட்டார். முறைப்படி தொட்டுவிட்டு விட்டுவிட வேண்டும். அண்ணன் விடவில்லை. குளிப்பாட்டி முடித்ததும் சிவப்புச் சேலை முதல் கோடியாக விழுந்தது. மகள் அதன் ஓரத்தை இழுத்துவிட்டுச் சரிசெய்தாள்.

நான் திட்டம் போட்டு நிறுத்தினேன் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அந்த மனுஷர் நிறுத்தச் சொன்னார், பயந்து நிறுத்தினேன். ஆனால் அன்றிலிருந்து என் வாசிப்பு பாதியாகக் குறைந்தது. அதற்கு முன்னால் மூச்சு வாங்குகிற இடத்தையெல்லாம் நிரப்பிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு சில இடங்களை வீட்டுக்காரர்களுக்கே விட்டுவிடுவேன். நீங்கள் போனில் கேட்டு ஆச்சரியப்பட்டீர்களே, ஏன் மாஸ்டர் அங்கே சும்மா நிற்கிறீர்கள் என்று, அது பெரியவர் எனக்குக் கொடுத்தது. கூலி கொடுத்து, அதட்டி, இப்படி ஒன்றையும் கற்றுக்கொடுக்கிற ஆள் எத்தனை பேருக்குக் கிடைப்பார்?

வெளிச்சம் இருக்கும்போதே பாடையைத் தூக்கிவிட்டார்கள். ஒரு பக்கம் மகன்கள், மறுபக்கம் அண்ணன் தோள் கொடுத்தார். நாங்கள் முன்னால் போய் வரிசையில் நின்றோம். பெரியவர் சொல்லாமல் ஊதக் கூடாது என்று நான் வாத்தியத்தை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றேன். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. என் தோளில் கை வைத்தார்.

"இப்ப ஊதுப்பா" என்றார். "அவ பெறந்த ஊருக்குக் கேக்குற மாதிரி ஊது."